அந்தப் பிரேக்கில் காற்று இல்லை

நீ கேட்ட ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டி, பெங்களூருக்குப் புளி ஏற்றிப் போகும் லாரியில் நேற்று அனுப்பிவிட்டேன், மகனே. ரிங் ஸ்பேனர் ஒரு செட், பாக்ஸ் ஸ்பேனர் நான்கு, பிரேக் ஸ்பிரிங்கை இழுக்கும் கொக்கி, ஒரு சின்ன ஜாக்கி. நண்பனும் நீயும் சேர்ந்து வாங்கப்போகும் பழைய காருக்கு வீட்டிலேயே பிரேக்கில் காற்று எடுக்கப்போவதாக எழுதி, அதற்கு முறை கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், உன் கல்யாணத்துக்குச் சூசை மாமாவை அழைக்க நீயே அரூருக்குப் போகலாமா, பதினாறு வருடமாக நம் வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்காதது ஏன் என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முறை. பிரேக் ஆயிலில் காற்று புகுந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது, அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்கு. நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். சக்கரத்துக்கு உட்புறம் தகட்டில் துளையுள்ள சின்னத் திருகுபோல் நிப்பிள் இருக்கும். அதில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் அமிழ்த்து. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயிலும் காற்றுக் குமிழிகளும் பாட்டிலுக்குள் வரும். பெடல் கீழே போய் நின்றதும், மிதித்தவர் காலை எடுப்பதற்கு முன்பே, நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். முன்னதாகக் காலை எடுத்தால் பெடல் எழும்போது காற்று உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இப்படியே. மூன்றாவது ஆள் தொட்டியில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டிலில் விழுந்ததைத் திரும்ப ஊற்றாதே. நான்கு சக்கரமும் முடிந்தபின் பெடல் கல்லைப்போல் நின்றால் காற்று இல்லை. பஞ்சைப்போல் அமுங்கினால் இருக்கிறது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொன்னால் இது ஒரு மணி நேர வேலை.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நம்மிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது நினைவிருக்கும். தர்மபுரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மஞ்சவாடி கணவாயைத் தாண்டிச் சேலம் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் நான் பத்திரிகைக்கு அனுப்பும் செய்தி ஒரு நாள் பிந்துகிறது என்று சொல்லி, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் ஓட்டிக் கழித்த காரை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அதற்குச் சாமான் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. சேலம் போனால் பழைய இரும்புக் கடைக்குள் நுழையாமல் திரும்பமாட்டேன். குறடு, திருப்புளி, பல் தேய்ந்த ரம்பம், பட்டாளத்து முத்திரை குத்திய ஸ்பேனர்கள். கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் எழுதிய துண்டுக் காகிதம் ஒட்டினேன். "மாதா படத்துக்கு ஒரு ஆணி அடிக்க எடமில்ல. இதுங்களுக்கு மட்டும் செவுரு பூரா ஆணி" என்பாள் உன் அம்மா. பாதியை எதற்குப் பயன்படுத்துவது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் வருகிறவர்கள் அந்தச் சுவரின் முன் நின்று, "எல்லா வேலையும் நீங்களே பாத்துக்குவீங்களா?" என்று கேட்கும்போது, இல்லை என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

உன் அம்மாவின் தம்பி சூசைக்கு அப்போது இருபத்தாறு வயது. அரூரில் ஒரு மண்டிக்காரரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். எந்நேரமும் கேலி பேசுகிற ஆள். நம் வீட்டுக்கு வந்தால் நேராக அந்தச் சுவருக்குத்தான் போவான். "மாமா, ஒரு போர்டு மாட்டிட்டா கடையே தொறந்துரலாமுங்க. வேல தெரிஞ்ச ஆளு ஒருத்தன மட்டும் சம்பளத்துக்கு வெச்சுக்கோங்க." நான் சிரித்துக்கொள்வேன். சிரித்தேனே தவிர, அது எங்கேயோ போய்த் தைத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருடம் சேலத்தில் உன் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு பின்சக்கரத்தில் ஆயில் ஒழுகியது. சூசை வந்து பார்த்தான். "வீல் சிலிண்டருக்குள்ள ரப்பர் கப்பு இருக்குதுங்க மாமா. கழட்டிச் சுத்தமா கழுவி மாட்டணும். சனிக்கெழம மத்தியானம் நான் வந்துர்றேன், சேந்து பாத்துக்கலாம். நீங்களே ஆரம்பிச்சிட்டீங்கன்னா ஒண்ணு மட்டும், மண்ணெண்ணெ மட்டும் பட்ரக் கூடாது. ரப்பர் உப்பிக்கும். பிரேக் ஆயில்லயே கழுவணும்." நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை அவனுக்காகக் காத்திருக்காமல் நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். அவன் வரும்போது பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. சேலத்திலிருந்து வாங்கி வந்திருந்தது ஒரே ஒரு சின்ன டப்பா ஆயில். கழுவவே அதைச் செலவழித்தால் காற்று எடுக்கப் போதாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். நம் பக்கத்தில் எதைத்தான் மண்ணெண்ணெயில் கழுவுவதில்லை? கிணற்று மோட்டார், தையல் மெஷின், சைக்கிள் செயின், பெட்ரோமாக்ஸ் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் சுத்தமாகின்றன. ஒரு பீங்கான் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரத்துக்கு இரண்டாக எட்டு ரப்பரையும் போட்டேன். அப்போது அரூர் தாலுகா ஆபீஸுக்கு அமைச்சர் வருகிறார் என்று சொல்ல ஆள் வந்தது. போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். துடைத்து மாட்டும்போது சிலிண்டருக்குள் இறுக்கமாகப் போயின. கட்டை விரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. நல்லது, இனி ஒழுகாது என்று நினைத்தேன். ரப்பர் உள்ளே போக மறுத்தால் சந்தோஷப்படாதே, மகனே. நான் பட்டேன்.

சூசை வந்தான். மூடியிருந்த சக்கரங்களைப் பார்த்து, "அட, மாமா வேல கத்துக்கிட்டாரு" என்றான். பிறகு கேட்டான், "எதுல கழுவுனீங்க?"

"ஆயில்லதான்" என்றேன்.

உன் அம்மா அருகில் நின்றிருந்தாள். அவள் முன்னால் அவன் இன்னொரு கேலி பேசிவிடுவானோ என்பதைத் தவிர, அந்தப் பொய்க்கு வேறு காரணம் எவ்வளவு யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு காற்று எடுத்தோம். சூசை மண்ணில் படுத்து ஸ்பேனர் பிடித்தான், நான் ஆயில் ஊற்றினேன், உன் அம்மா உள்ளே உட்கார்ந்து மிதித்தாள். "மிதிக்கா. ம்ம். புடி, புடி. உட்றாத. இப்ப உடு." "எத்தன தடவடா?" "கொமிழி நிக்கறவரைக்கும்." "தையல் மெஷினாவது மிதிச்சா ஒரு ரவிக்கையாவது மிஞ்சும். இதுல என்னா மிஞ்சுது?" "உசுரு மிஞ்சும்க்கா." இப்படிப் பேசிக்கொண்டே நான்கு சக்கரத்தையும் முடித்தோம். பெடல் கல்லைப்போல் நின்றது. சூசை ஒரு முறைக்கு மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். அவன் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை இந்த இடத்தில் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். சூசை ஓட்டினான், நான் அவன் பக்கத்தில், நீயும் அம்மாவும் பின்னால். மஞ்சவாடி ஏற்றத்தில் வண்டி முனகியது. "வண்டி போவ மாட்டேங்குதுங்க மாமா. பின்னாலருந்து யாரோ புடிச்சு இழுக்கறாப்ல இருக்குது" என்றான். கணவாய் உச்சிக்குப் போவதற்குள் கருகிய வாசம் வந்துவிட்டது. நிறுத்தி இறங்கினான். பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மில் எச்சில் துப்பினான். அது சுர்ரென்று பொரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மாமா, நெசமா சொல்லுங்க. ரப்பர எதுல கழுவுனீங்க?"

"ஆயில்லதான்யா. எத்தன தடவ கேப்ப?"

"கோவிச்சுக்காதீங்க. ரப்பர் உப்பிக்கிச்சுன்னா வண்டிய இங்கியே போட்டுட்டுப் பஸ்ஸுல போயிரலாம். அதுக்குத்தான் கேக்கறேன். ரப்பர்ல கோளாறு இல்லைன்னா, நாமதான் டிரம்மோட ஷூவ ரொம்ப ஒட்டி வெச்சுட்டோமாட்டம் இருக்குது. தளத்தி உட்டுக்கலாம்."

"ரப்பர்ல ஒண்ணும் இல்ல. தளத்தி உடு" என்றேன். காரிலிருந்து உன் அம்மா, "ஏங்க, நேரமாவுது, அக்கா வூட்ல எல்லாம் காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள். நானே பெட்டியைத் திறந்து அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அவன் நான்கு சக்கரத்திலும் ஷூவின் திருகை இரண்டிரண்டு பல் தளர்த்தினான். உப்பிய ரப்பர், டிரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூவைப் பின்வாங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த உரசலில் ஆயில் கொதித்து ஆவியாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் தளர்த்தினால் பெடல் இன்னும் கீழே போகும். மருந்து கொடுப்பவனிடம் நோயை மறைத்தால் அவன் கொடுக்கும் மருந்தே விஷமாகும். அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதிலின்படி அவன் செய்தது சரிதான். கால் மணி நேரம் டிரம் ஆறட்டும் என்று பொறுத்து, சேலம் பக்கம் இறங்கினோம்.

முதல் வளைவில் பெடல் உறுதியாக நின்றது. இரண்டாவதில் பாதி போனது. மூன்றாவதில் அவன் கால் தரைவரை போனதை நான் பார்த்தேன். இரண்டு முறை மிதித்து மிதித்து எடுத்தான், பெடலில் உயிர் வரவில்லை. கியரைக் கீழே இறக்கினான், பல் அரைபட்டு விழுந்தது. ஹாண்ட் பிரேக்கை இழுத்தான். தளர்த்திவிட்ட ஷூ எங்கே பிடிக்கும்? "அக்கா, பையன கீழ படுக்க வெச்சு அமுக்கிக்க" என்று மட்டும் குரலை உயர்த்தாமல் சொன்னான். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. மலைப் பக்கம் திருப்பலாம் என்றால் கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பஸ் எங்களைத் தாண்டும்வரை இடது ஓரத்திலேயே, பள்ளத்து விளிம்பில் பிடித்துக்கொண்டு போனான். பஸ் ஜன்னலில் ஒரு அம்மாள் வெற்றிலை துப்பக் குனிந்ததைப் பார்த்தேன். பஸ் கடந்ததும் வலது பக்கம் ஒடித்து, பாறையில் தன் பக்கத்தைக் கொடுத்து மோதினான். என் பக்கத்தைக் கொடுத்திருக்கலாம். வண்டியைக் கொஞ்சம் சுழலவிட்டிருந்தால் போதும். அவன் வலது முழங்கால் நொறுங்கியது. உனக்குப் புருவத்தில் நான்கு தையல். அம்மாவுக்கும் எனக்கும் சிராய்ப்புகூட இல்லை.

விசாரிக்க வந்த ஏட்டு என்னை முன்பே அறிந்தவர். "என்னாங்க ஆச்சு?" என்றார். "பிரேக்கு புடிக்கலீங்க. நேத்து இவருதான் காத்து எடுத்தாரு" என்றேன். இரண்டு வாக்கியமும் உண்மை. சேர்த்து வைத்தபோது பொய்யாகிவிட்டன. அதோடு நிற்கவில்லை. நிருபராக என் எல்லைக்குள் நடந்த விபத்து. நான் செய்தி அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அன்று மாலையே எழுதி அனுப்பினேன். மஞ்சவாடி கணவாயில் கார் பாறையில் மோதியது, காரை ஓட்டிய லாரி டிரைவருக்குக் கால் முறிவு, டிரைவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று தெரிகிறது. 'தெரிகிறது' என்று எழுதினால், யாருக்குத் தெரிந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் தொழிலில் இருபது வருடம் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு முறை அது எனக்காக வேலை செய்தது.

அந்தச் செய்தியை மண்டிக்காரர் படித்தார். கால் தேறி வந்தாலும் லாரி கிடையாது என்று ஆள் சொல்லி அனுப்பினார். உன் அம்மாவைப் பெற்றவர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "கூடப் பொறந்தவளையும் அவ புள்ளையையும் வெச்சுக்கிட்டு ஓட்ற ஓட்டாடா அது" என்றார். சூசை உன் அம்மாவிடம் திரும்பி, "அக்கா, நீயுமா நம்பற?" என்று கேட்டான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. அதன்பிறகு அவன் நம் வீட்டுப்படி ஏறவில்லை. அவனாக வரட்டும் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டேன். வந்துவிடக் கூடாதே என்பதுதான் உள்ளே இருந்தது.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் நான் அரூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து செய்யும் வேலையாக, லாரிகளுக்குப் பிரேக் பார்க்கிறான் சூசை. மடங்காத காலை நீட்டி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. "வாங்க மாமா" என்றான், நேற்றுப் பார்த்ததுபோல. நின்றபடியே சொன்னேன். "சூசை, அன்னிக்கு நான் ரப்பர மண்ணெண்ணெயிலதான் கழுவுனேன்."

அவன் கையிலிருந்த வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியுமுங்க" என்றான். "இந்த வேலைக்கு வந்து எத்தன ரப்பர் பாத்திருக்கேன். உப்புன ரப்பரு எப்பிடி வண்டியப் புடிக்கும், எங்க கொண்டுபோயி உடும்னு மூணு வருசத்துலயே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்யா வந்து கேக்கல?"

"நான் ரெண்டு தடவ கேட்டனே மாமா."

பிறகு உன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். தாய்மாமன் மாலை போட வேண்டும், வருவாயா என்று கேட்டேன். "பையன் வந்து கூப்புடட்டும். ஆனா ஒண்ணும் தெரியாம வந்து கூப்புட வேணாம். எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்" என்றான். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தான். "காதோட காதா சொல்லி முடிச்சுக்காதீங்க. பேப்பர்ல போட்டீங்க, பேப்பர்லயே எழுதுங்க. உங்க பையனுக்கு எழுதுங்க, ஊரும் படிச்சுக்கட்டும்." அதனால்தான் இந்தக் கடிதம் இப்படி வருகிறது. மூன்று வரிச் செய்திக்கு இத்தனை பத்தி மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். அவள் என்னைத் திட்டுவாள், அதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்தப் பிரேக்குல காத்து இல்லீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "நெசமா?" என்றாள். சூசை எடுத்தபின் ஒரு பொட்டுக் காற்றுகூட இல்லை என்றேன்.

"மூணாவது வீலு செய்யறப்ப எங்காலு மரத்துப்போச்சுங்க. அவன் உடுன்னு சொல்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். சொன்னா மறுபடியும் மொதல்லருந்து மிதிக்கச் சொல்லுவான்னு சொல்லல. அதுலதான் காத்துப் பூந்துக்கிச்சுன்னு இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டிருந்தேன். 'நீயுமா நம்பற'ன்னு எந்தம்பி கேட்டப்ப, தப்பு எம்மேலன்னு சொல்ல வாய் வரல. அந்த மூஞ்சியோட அவன் வூட்டு வாசல்ல போயி எப்பிடி நிக்கறதுன்னுதான் போவல."

ஒருவேளை அப்போது காற்று புகுந்திருந்தாலும் அடுத்தடுத்த மிதியில் வெளியேறியிருக்கும், கடைசியில் பெடல் கல்லாக நின்றதை அவனே பார்த்தான் என்று விளக்கினேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. நான் மறைத்தது அவனுடைய ஒரு காலை மட்டும் வாங்கியது என்று எண்ணியிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் பதினாறு வருடம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. ஊரெல்லாம் விசாரித்து எழுதுகிறவன் நான்.

அவள் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு பத்தரை மணி பஸ்ஸில் அரூருக்குக் கிளம்பிவிட்டாள். கூட வரட்டுமா என்றேன். "நீங்க உங்க வேலைய முடிச்சு அனுப்புங்க" என்றாள். எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நீ வரும்போது பாப்பிரெட்டிப்பட்டிக்கு டிக்கெட் எடுக்காதே. அரூரிலேயே இறங்கிவிடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரேக் சூசை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். உன் அம்மாவும் அங்கேதான் இருப்பாள்.